வாசலில் கழித்த வரி

1

இந்தக் கதை எனக்கு ஆஸ்பத்திரி பெஞ்சில் கிடைத்தது. இன்று காலை பத்தே காலுக்கு. தேடிப் போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தானின் முகம் வெளிறியது. கதை என் மடியில் விழுந்தது.

முதல் தொடக்கம்: 'ரத்தம் தோய்ந்த கையுறை தரையில்...' வேண்டாம். யாருக்கும் ரத்தம் வரவில்லை.

இரண்டாவது: 'விசைப்பலகை மேல் அவன் விரல்கள் நடுங்கி...' இதுவும் பொய். இருபது வருடம் துப்பறியும் தொடர் எழுதிய கை, சும்மா இருந்தால் கத்தியைத் தேடுகிறது.

நடந்தது இவ்வளவுதான். நர்ஸ் ஒரு தாளை நீட்டினாள்.

2

அக்காவுக்குப் பித்தப்பையில் கல். பதினோரு மணிக்கு ஆபரேஷன். அக்கா புருஷன், அதாவது அத்தான், கையெழுத்துப் போட வேண்டும். டிக்கெட்டின் பின்பக்கத்தையும் விடாமல் படிக்கிற மனுஷன். படித்தார்.

"சிஸ்டர், ஒத்துக்காத மருந்து 'எதுவும் இல்லை'ன்னு இருக்கு. இவளுக்குப் பெனிசிலின் ஆகாது. ஆப்ல நானே டைப் பண்ணி அனுப்பினேன்."

"சிஸ்டம்ல இப்படித்தான் சார் வந்திருக்கு."

"உங்க சிஸ்டம்..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். அந்த சிஸ்டத்தின் வாசலை எழுதியவர் அவர்தான்.

(அடைப்புக்குறிக்குள் கொஞ்சம் தொழில். நாம் ஆப்பில் நிரப்பும் படிவம், ஒரு கடிதம் மாதிரி ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டருக்குப் போகிறது. வாசலில் ஒரு லைப்ரரி நிற்கிறது. புத்தகம் இருக்கும் லைப்ரரி இல்லை. யாரோ எழுதி வைத்த ரெடிமேட் நிரல். வாட்ச்மேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் கையில் ஒரு பட்டியல், பெயர் ஸ்கீமா: பெயர் எழுத்தில் இருக்கணும், வயது எண்ணில் இருக்கணும். பட்டியலில் இல்லாத வரி வந்தால் என்ன செய்வது? கடிதத்தையே திருப்பி அனுப்பலாம். அல்லது அந்த வரியை மட்டும் சத்தமில்லாமல் கழித்துவிட்டு மிச்சத்தை உள்ளே விடலாம். எதுவென்று அத்தான்தான் சொல்ல வேண்டும். நிரலில் ஒரே ஒரு சொல்லை மாற்றினால் போதும்.)

அவர் இரண்டாவதைச் சொல்லியிருந்தார். பெனிசிலின் வரி வாசலில் கழிந்தது; காலி இடத்தில் சிஸ்டம் தானாக 'எதுவும் இல்லை' என்று போட்டுக்கொண்டது.

3

நர்ஸ் சிவப்புப் பேனாவால் திருத்தினாள். அக்கா ஸ்ட்ரெச்சரில் போகும்போது, "மூஞ்ச ஏன் இப்படி வெச்சிருக்கீங்க? ஆபரேஷன் எனக்குத்தானே?" என்று புருஷனைச் சீண்டிவிட்டுப் போனாள். பிழைத்துக்கொண்டாள். இங்கேயே 'முற்றும்' போட்டிருக்கலாம்.

அத்தான் மட்டும் லேப்டாப்பைத் திறந்தார்.

"விடுங்க அத்தான். அதான் திருத்திட்டாங்களே."

"இவளுக்குத் திருத்திட்டாங்க."

"அப்புறம் என்ன?"

"ஆப் பண்றவங்க அந்த ஒத்துக்காத மருந்துக் கட்டத்தைச் சேர்த்து மூணு வாரம் ஆச்சு, எழுத்தாளரே. என் பட்டியல்ல சேர்க்கச் சொல்லி யாரும் சொல்லலை. நானும் கேட்கலை."



4

வில்லன் யார்? என் பத்திரிகை ஆசிரியர் முதலில் கேட்பது அதைத்தான். அத்தானைப் போட்டுப் பார்த்தேன். ஒட்டவில்லை. முதலில் அவர் வாட்ச்மேனைக் கறாராகத்தான் வைத்திருந்தார். வரவேற்பில் இருக்கும் பெண் போனில் பிடித்துக்கொண்டாள்: "உங்க சிஸ்டம் ஃபார்மைத் திருப்பித் திருப்பி அடிக்குது சார். வரிசை தெரு வரைக்கும் நிக்குது. வந்து நீங்களே பதில் சொல்லுங்க." தளர்த்தினார். வரிசை கரைந்தது. அவள் நன்றி சொன்னாள். வில்லனுக்கு யாராவது நன்றி சொல்வார்களா?

வாசலுக்கு வந்த கடிதங்களின் நகல், நல்லவேளை, கம்ப்யூட்டரில் ஒரு மூலையில் இருந்தது. அந்தக் கட்டத்தை நிரப்பியவர்கள் நாற்பத்தொரு பேர். அத்தான் மேனேஜரிடம் சொன்னார். தலைமை நர்ஸிடமும் சொன்னார், தலையைக் குனிந்துகொண்டு. வார்டில் இருந்தவர்களை நர்ஸ்கள் பார்த்துக்கொண்டார்கள். மாத்திரையோடு வீட்டுக்குப் போய்விட்டவர்கள் பதினேழு பேர். பட்டியலைப் பிரித்துக்கொண்டு நாங்கள் அழைத்தோம்.

பதினாறு பேர் எடுத்தார்கள். இரண்டு பேருக்கு உடம்பெல்லாம் தடிப்பு. ஒருவர் திட்டினார். ஒரு அம்மா, "போட்டதும் தலை சுத்துச்சு, நானே நிறுத்திட்டேன்பா" என்றார்.

பதினேழாவது எண்ணில் மணி மட்டும் போனது.

5

ஒரு ஒப்புதல். அழைப்புகள் முடிந்து, அக்காவும் வார்டுக்கு வந்த பிறகு இந்தக் கதையின் முதல் வடிவத்தை எழுதி முடித்தேன். ஆபத்து, அத்தானின் கண், சிவப்புப் பேனா, சுபம். அதில் பதினேழாவது ஆள் இல்லை. முகம் தெரியாது, முடிவு தெரியாது; என் அச்சில் அவருக்குக் கட்டம் கிடையாது. கழித்துவிட்டேன். கதை வழுக்கிக்கொண்டு ஓடியது. திரும்பப் படித்தபோதுதான் தெரிந்தது. வாசலில் நின்று நானும் அதையேதான் செய்திருந்தேன்.

முடிவு ஒன்று: மனைவி எடுக்கிறாள். "அவர் குளிக்கிறார், என்ன விஷயம்?"

முடிவு இரண்டு: மகன் எடுக்கிறான். பின்னால் நிறையப் பேர் பேசும் சத்தம். அவன் குரல்...

இதை எழுத மாட்டேன்.

இப்போது மாலை ஐந்து. அந்த வீட்டுக்கு ஆஸ்பத்திரி ஆள் அனுப்பியிருக்கிறது. அத்தான் அந்தப் பதினேழாவது ஆள் நிரப்பிய கட்டத்தைத் திரையில் திறந்து வைத்திருக்கிறார், மூடவே இல்லை:

'சல்ஃபா மாத்திரை ஆகாது. போன தடவை மூச்சு நின்னுடுச்சு. தயவுசெஞ்சு டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.'

"சொல்லலையே" என்கிறார் அத்தான்.

ஏழாவது முறையாக அழைக்கிறேன். மணி போகிறது. எங்கேயோ ஒரு மேஜை மேல் அந்த போன் அதிர்ந்துகொண்டிருக்கிறது. அது உங்கள் வீடாக இருந்தால், இந்தப் பக்கத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எடுங்கள்.