முகம் சொன்ன பொய்

வெக்கை கன்னத்தில் ஏறிவிட்டது, எரிகிற கற்பூரத்துக்கு மேலே கையை ஓங்கியபடி நிற்கிறான் சோலைமலை, அடித்து அணைத்துவிட்டால் சத்தியம் முடிந்தது, ஆனால் எதிரே நிற்கிற அவன் மனைவி பஞ்சவர்ணம் கையைப் பார்க்கவில்லை, முகத்தையே பார்க்கிறாள், அந்தப் பாழாய்ப்போன முகம் எப்படிச் சிவந்திருக்கும் என்று கண்ணாடி இல்லாமலே அவனுக்குத் தெரியும், மூக்கில் ஆரம்பித்து இரண்டு கன்னத்திலும் பரவியிருக்கும், இதே முனியாண்டி சாமி முன்னால்தான் ஆறு வருடத்துக்கு முன்பு குடியை விட்டுவிடுவதாகக் கயிறு கட்டிக்கொண்டான், அன்றிலிருந்து ஒரு சொட்டு தொட்டதில்லை, குடித்த காலமெல்லாம் முகம் நன்றாகத்தான் இருந்தது, விட்ட பிறகு வந்து ஒட்டிக்கொண்டது இந்தச் சனியன், போன மாதம் ஆஸ்பத்திரியில் தோல் டாக்டரம்மா விரல் மடக்கிச் சொல்கிறார், வெயில் ஆகாது, அடுப்பு வெக்கை ஆகாது, காரம் ஆகாது, டீயை ஆறவச்சுக் குடிங்க, கோவப்படாதீங்க, சாராயம் தொட்டா இன்னும் செவக்கும், முழுசாப் போகாது, அடக்கித்தான் வைக்கணும், டாக்டரம்மா நான் புரோட்டா மாஸ்டருங்க என்கிறான் அவன், எழுதிக்கொண்டிருந்த பேனா கொஞ்சம் நின்றது, பிறகு களிம்பின் பெயரை எழுதியது, ஆறு விஷயம் சொன்னார், பக்கத்தில் நின்ற பஞ்சவர்ணத்தின் காதில் விழுந்தது சாராயம் ஒன்றுதான்.

என்னதான் செய்யவில்லை அவன், ஆடை படிந்த டீயைக் குடித்தான், ஊருக்கெல்லாம் சால்னா ஊற்றிவிட்டு மோர்ச்சோறு தின்றான், ஈரத்துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு கல்லுக்கு ஒரு முழம் தள்ளி நின்று புரோட்டாவைத் திருப்பினான், என்ன மாப்ள காலையிலேயே ஏத்தியாச்சா என்று கடைக்காரர் கேட்கிறார், இல்லண்ணே என்று சொல்லச் சொல்லச் சிவப்பு ஏறுகிறது, கோபப்பட்டாலும் ஏறும், சிரித்து மழுப்பினாலும் ஏறும், அடுப்பை விட்டுத் தள்ளி நிற்கலாம், மனிதக் கண்ணை விட்டு எங்கே தள்ளி நிற்பது, எனக்கு ஒண்ணும் வெளக்க வேணாம் என்றாள் பஞ்சவர்ணம், கயிறு கட்டுன சாமி முன்னாடி கற்பூரம் அணைச்சுச் சொல்லுங்க, பொய்யின்னா எங்கண்ணன் வீட்டுக்குப் போயிருவேன், திரும்பி வரமாட்டேன், இவ்வளவுதானா என்று சந்தோஷமாகக் கிளம்பி வந்தான், டீக்கும் வெயிலுக்கும் கணக்காகப் பயந்தவனுக்குக் கற்பூரமும் நெருப்புதான் என்று உறைக்கவே இல்லை, மண்டு.

கையை இறக்கினான், உள்ளங்கை சுட்டது, நான் குடிக்கல வர்ணம், முனியாண்டி மேல சத்தியம், பூசாரி திருநீறு பூசினார், சரிங்க, நம்புறேன், வாங்க போவோம் என்று தரையைப் பார்த்துச் சொன்னாள் அவள்.

அதன் பிறகு அந்தப் பேச்சே இல்லை, நல்லபடியாகத்தான் இருக்கிறாள், வேலை விட்டு வந்ததும் செம்பில் தண்ணீர் தருகிறாள், சட்டையெல்லாம் மாவு என்று தோளைத் தட்டுகிறாள், தட்டுகிற சாக்கில் மூக்கை அவன் வாயருகே கொண்டுவருகிறாள், முதல் நாள் அவனுக்குப் புரியவில்லை, இரண்டாம் நாள் புரிந்தது, மூன்றாம் நாள் சட்டையில் மாவே இல்லை, அவள் கை தோளுக்கு வருவதற்குள் அவனே குனிந்து, வாயைத் திறந்து, அவள் முகத்துக்கு நேராக ஊதினான், ஐயோ என்னங்க இது என்று பதறுவாள், அழுவாள், இவனும் அழுதுவிடலாம் என்று நினைத்திருந்தான், முகம் தகதகவென்று எரிகிறது, அவள் கண்ணை மூடி மூச்சை உள்ளே இழுத்தாள், கண்ணைத் திறந்து அந்தச் சிவப்பைப் பார்த்தாள், இன்னொருவாட்டி ஊதுங்க என்றாள்.