வெட்டாமல் விட்ட மேல்பட்டை

"தண்ணி கேன் போடறவனுக்கு உன் பச்சைச் சட்டையில என்னடி அக்கறை?"

அண்ணன் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் மெல்லத் திறந்துகொண்டது. கேட்டால் காற்றுக்காக என்பார்கள். அன்றைக்குக் காற்றே இல்லை.

"அது தண்ணி கேன் இல்லண்ணா. பேரை அப்படி மாத்திப் போட்டு வச்சிருக்கேன்," என்றாள் தங்கை.

"அப்ப யாரு?"

"கண்ணாடிக் கடையில இருக்கறவர்."

"எந்தக் கண்ணாடிக் கடை?"

"நீ கண்ணாடி வாங்கின கடைதான்."

அண்ணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அதற்கு மேல் அதைப் போட்டுக்கொண்டிருக்கக் கூசியது போலும்.

அவர் மனைவி, அதாவது அந்தப் பெண்ணின் அண்ணி, சமையலறை வாசலில் நின்று துடைத்த தட்டையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். அடுத்த கேள்வி தன் பக்கம் திரும்பும் என்று அவளுக்குத் தெரியும்.

புருஷனும் பெண்டாட்டியும் ஒரே கம்பெனி. அவர் இணையப் பக்கங்களைக் கட்டுவார், அவள் அவற்றில் ஓட்டை கண்டுபிடிப்பாள். வீட்டிலும் ஏறக்குறைய அதே ஏற்பாடுதான். பெரிய திரையில் அகலமாக விரிகிற பக்கம் கைப்பேசியில் ஒழுங்காக ஒடுங்க வேண்டும். எழுத்து பிதுங்கக் கூடாது, பொத்தான் காணாமல் போகக் கூடாது. கணினியில் ஜன்னலைச் சுருக்கிப் பார்த்து ஏமாறக் கூடாது, கையில் பிடிக்கிற போனில்தான் வண்டவாளம் தெரியும் என்பது அவள் கட்சி. கம்பெனியோ போன் வாங்கித் தராது. அதனால் யார் வீட்டுக்குப் போனாலும் நலம் விசாரிப்பதற்கு முன்பே, "உங்க போனைக் கொஞ்சம் குடுங்களேன்" என்பாள். அந்தக் கட்டிடத்தில் அவள் விரல் படாத போன் அபூர்வம்.

நாத்தனாருடையதுதான் எல்லாவற்றிலும் சின்னத் திரை. போன வாரம் ஒரு பல் மருத்துவமனையின் பக்கத்தை அதில் திறந்தாள். நேரம் பதிகிற பொத்தான் பாதிக்கு மேல் வெளியே போயிருந்தது. திரையை அப்படியே படம் பிடித்த அதே நொடியில் அதன் உச்சியில் ஒரு செய்தி எட்டிப் பார்த்தது: 'தண்ணி கேன்: நாளைக்கும் அந்தப் பச்சைச் சட்டையிலயே வா. கண்ணை எடுக்க முடியல.'

பொத்தானைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டாள். 'நாத்தனார் போன், சின்னத் திரை' என்று குறிப்பு எழுதிக் குழுவுக்கு அனுப்பினாள். கூட்டத்தில் அந்தப் படத்தைத் திறந்தவர் அவள் புருஷனேதான். உள்ளங்கை அளவுத் திரை சுவர் அளவுக்கு விரிந்தது. "பொத்தானைச் சரி பண்ணிடலாம் சார். அந்தத் தண்ணி கேன் நம்பரை எங்களுக்கும் குடுங்க," என்றார் மேலாளர். அறையே சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை.

"மறைச்சது என் தப்புதான்," என்றாள் தங்கை. "அடுத்த மாசம் அவரே வந்து பேசறதா இருந்தார். ஆனா இப்படி ஊர் சிரிக்க ஆயிடுச்சே! அண்ணி, நீங்க பாக்காமத்தானே போட்டீங்க?"

"பொத்தானைத்தான்டி பாத்தேன். மேல என்ன இருக்குன்னு யாரு கண்டா?"

தங்கையின் முகம் தெளிந்தது. வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அதானே. நீங்க அப்படிச் செய்ய மாட்டீங்க."

அந்தக் கை சூடாக இருந்தது. அண்ணிக்கு உருவிக்கொள்ளவும் முடியவில்லை, பிடிக்க விடவும் முடியவில்லை.

புருஷனும் பெண்டாட்டிக்குப் பரிந்துகொண்டு வந்தார், பாவம். "அவளைப் போய்க் கேக்கறியே! அவ வேலை எவ்வளவு சுத்தம் தெரியுமா? எந்தப் படமா இருந்தாலும் மணி, பேட்டரி, வர்ற செய்தின்னு மேல்பட்டையை வெட்டிட்டுத்தான் அனுப்புவா. அடுத்தவங்க சமாச்சாரம் நமக்கெதுக்குன்னு புதுசா வர்றவங்களுக்கே அவதான் பாடம்..."

வாய் பாதியில் நின்றது. மனைவியைப் பார்த்தார். தங்கையும் பார்த்தாள். பிடித்திருந்த கை தானாக விலகியது.

"வெட்டத்தான் போனேன்," என்றாள் அண்ணி, தட்டைப் பார்த்துக்கொண்டே. "கூடவே இருக்கேன், எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேன்னு இருந்துச்சு. நான் வாயைத் திறந்தா கோள் மூட்டறேன்னு ஆயிடும். படமே சொல்லிக்கட்டும்னு விட்டுட்டேன்."

இன்னொன்றும் இருந்தது, அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. இத்தனை வருடத்தில் அவள் எந்த நிறம் உடுத்தினாள் என்று அந்த வீட்டில் ஒருவரும் கவனித்ததில்லை.

"கோள் மூட்டியிருந்தாக்கூட ரெண்டு நாள் திட்டிட்டு மறந்திருப்பேன் அண்ணி," என்றாள் தங்கை. இரைந்துகூடப் பேசவில்லை. எதிர்வீட்டுக்கு அந்த ஒரு வரி மட்டும் சரியாகக் கேட்காமல் போய், பல நாள் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் முறைத்துக்கொண்டே அந்தக் கடைக்குப் போனார், மாப்பிள்ளையை முடிவு செய்துகொண்டு திரும்பினார். பதிவு அலுவலகத்தில் எளிமையாகக் கல்யாணம். அதன்பின் தங்கையும் மாப்பிள்ளையும் வேறு ஊருக்குக் குடிபோய்ச் சொந்தமாகக் கடை வைத்தார்கள். வியாபாரம் நன்றாகவே நடக்கிறதாம். அண்ணன் லீவு கிடைத்தால் போய்வருகிறார். அண்ணி கல்யாணத்துக்குப் போனதோடு சரி. கேட்டால் வேலை அதிகம் என்கிறாள். அங்கிருந்தும் யாரும் வற்புறுத்திக் கூப்பிடுவதில்லை.