மேலாளர் தலையாட்டினார்

கூட்டுறவின் இணைய அஞ்சலில் கடிதம் திறக்கும். 'பதில்' பொத்தானை அழுத்தினால் மட்டும் வெற்றுப் பக்கம் வரும். பல்கேரியாவின் அந்தச் சின்ன மதுத் தயாரிப்புக் கூட்டுறவுச் சங்கத்தில் அதற்காகத் தினமும் திட்டு வாங்குபவள், கணினிகளைக் கவனிக்கும் ரலிட்சா. சர்வரில் இருக்கும் மென்பொருள் பழசு, புதிய பிரவுசர்களோடு ஒத்துப்போகவில்லை என்று அவள் பலமுறை சொல்லிவிட்டாள். மேலாளர் போன்சேவ் மசியவில்லை.

"அது பாட்டுக்கு ஓடுதும்மா. கைய வச்சு உள்ளதையும் கெடுத்துடாத."

அன்று காலை, சர்வரைப் பராமரிக்கும் ஜெர்மன்காரர் வீடியோ அழைப்பில் வந்தார். "மென்பொருள புதுப்பிச்சிடட்டுமா சார்?"

போன்சேவின் வாய் நிறைய பனிட்சா, பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பலகாரம். பேச முடியாமல் தலையை மேலும் கீழும் அழுத்தமாக ஆட்டினார். இங்கே அப்படி ஆட்டினால் வேண்டாம் என்று அர்த்தம். ஜெர்மனியில் சரி என்று அர்த்தம். ஜெர்மன்காரர் நன்றி சொல்லி வேலையைத் தொடங்கிவிட்டார்.

ரலிட்சா குறுக்கிட வாயைத் திறந்தாள். பிறகு ஒரு பனிட்சாத் துண்டை எடுத்து அதில் போட்டுக்கொண்டாள்.

மதியத்துக்குள் எல்லோருடைய பதில்களும் ஒழுங்காகப் போயின. போன்சேவ் அவள் மேசைக்கு வந்தார்.

"நான்தான் வேண்டாம்னேனே. நீ என்ன பண்ணின?"

"நான் ஒண்ணும் பண்ணல சார். நீங்கதான் தலையாட்டினீங்க."

இந்த முறை அவர் தலை எந்தப் பக்கமும் அசையவில்லை.