பாம்புக்கடி

சுருளியாண்டி தன் தம்பியின் கணுக்காலில் கோணி ஊசியால் இரண்டு இடத்தில் குத்தினார். ரத்தம் வரவில்லை. சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், ஊசியைத் தன் கட்டைவிரலில் அழுத்திக் குத்தி, கசிந்த ரத்தத்தைத் தம்பியின் காலில் தடவினார்.

“வெள்ளன மடை தொறக்கப் போனான். வரப்புல பாம்பு கடிச்சிருச்சு. கேக்குறவுககிட்ட இதச் சொன்னாப் போதும். என்ன, ஆத்தா?”

தம்பி மனைவி மூக்கம்மாள் கணவன் ராக்கையாவின் தலையை மடியிலிருந்து இறக்காமல் உட்கார்ந்திருந்தாள். மூன்று நாளாகக் காய்ச்சலில் கொதித்த உடம்பு உயிர் போய் இப்போதுதான் ஆறிக்கொண்டிருந்தது. விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது.

“அக்குள்ல நெறி கட்டியிருக்கு மாமா,” என்றாள்.

“அதான் துப்பட்டி போட்டு மூடச் சொல்றேன்.”

சுருளியாண்டி குரலைத் தாழ்த்தினார். “பாம்புக்கடின்னா தேவாரத்து மாப்பிள்ளை வீட்டுல மாசி வரைக்கும் பொறுப்பாக. பிளேக்குன்னு தெரிஞ்சா இந்த வாசலை மிதிப்பாகளா? என் மக பூமாரிக்கு ஏற்கெனவே ரெண்டு எடம் தட்டிப்போச்சு. அதையும் விடு. நோவுல செத்தவனத் தூக்க ஊருல ஒருத்தன் வருவானா? என் தம்பி நாலு பேர் தோள்ல போகணும்.”

கடைசியாகச் சொன்னது பொய்யில்லை என்று மூக்கம்மாளுக்குத் தெரியும். அவர் கண் கலங்கியிருந்தது. தாய் தகப்பன் இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்து மூன்றாம் வருடம், தை மாதம். புதுநெல் வந்து அறை நிறைந்திருந்தது. ஒன்பது நாளைக்கு முன்னால் அந்த அறையில் எலி விழுந்தது. ஏழு எலிகள். வீட்டில் எலி செத்து விழுந்தால் பிளேக் வந்துவிட்டது என்று அர்த்தம்; நாட்டாமையிடம் சொல்ல வேண்டும். ஊரே வீடுகளைத் திறந்து போட்டுவிட்டுக் வயல்காட்டில் குடிசை போட்டுத் தங்க வேண்டும். கம்பத்திலிருந்து சின்னமனூர் வரைக்கும் சிறு பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் அது. சுருளியாண்டி, “கல்யாணம் முடியட்டும்,” என்றார். ராக்கையா அண்ணன் பேச்சைத் தட்டியதில்லை. ஏழையும் முறத்தில் அள்ளிக்கொண்டு போய் எருக்குழியில் புதைத்துவிட்டு வந்தான். மூக்கம்மாள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

காய்ச்சல் கண்ட பிறகும் ராக்கையா, “பனியில நின்னதுதான், ஒண்ணுமில்ல,” என்றே சொல்லிக்கொண்டிருந்தான். நினைவு தப்புவதற்கு முன்னால் அவள் கையைப் பிடித்து, “அண்ணன மாட்டி விட்டுறாத புள்ள,” என்றான். அவள் ஈரத்துணியை மடித்து அவன் நெற்றியில் வைத்தாள். சரி என்று சொல்லவில்லை.

சங்கு ஊதியதும் கூட்டம் வந்தது. வாசலில் ஆண்கள் மூங்கில் வெட்டத் தொடங்கினார்கள். பெண்கள் உள்ளே வந்து மூக்கம்மாளின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். சுருளியாண்டி நிலைப்படியில் நின்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். “கட்டுவிரியன். கடிவாய் தெரியுது பாருங்க.” வந்தவர்கள் துப்பட்டிக்கு வெளியே தெரிந்த காலைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

எல்லாவற்றையும் மூக்கம்மாள் பொறுத்துக்கொண்டாள். நாலு பேர் தோள், நாலு பேர் தோள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

பக்கத்து வீட்டுக் கருத்தம்மாள் கைப்பிள்ளையோடு வந்தாள். அழுத அலுப்பில் மடியிலிருந்த பிள்ளையை இறக்கி, சுவரோரம் கிடந்த கம்பளியில் படுக்க வைத்தாள். மூன்று நாளாக ராக்கையா போர்த்தியிருந்த கம்பளி. பிள்ளை அதன் ஓரத்தை இழுத்து வாயில் வைத்தது.

“பிள்ளையத் தூக்கு,” என்றாள் மூக்கம்மாள்.

கருத்தம்மாளுக்குப் புரியவில்லை.

“தூக்குடி! தூக்கிக்கிட்டு வெளிய ஓடு!”

அழுகை நின்றது. மூக்கம்மாள் துப்பட்டியை விலக்கினாள். விறைக்கத் தொடங்கியிருந்த கணவனின் இடது கையை இரண்டு கையாலும் பிடித்து மேலே தூக்கினாள். அக்குளில் கோழிமுட்டை அளவு நெறி, கறுத்துப் போய்.

“பாம்பு கடிக்கல. பாத்துக்கங்க எல்லாரும். பாம்பு கடிக்கல!”

கொஞ்ச நேரத்தில் வீட்டுக்குள் ஊரார் ஒருவரும் இல்லை. வாசலில் பாதி வெட்டிய மூங்கில் கிடந்தது. நாட்டாமை பால்பாண்டி மட்டும் தெருவின் எதிர்ப்பக்கம் நின்றார்.

“எலி விழுந்துச்சா?”

“ஏழு. ஒம்பது நாளாச்சு. எருக்குழியில இருக்கு. என் புருசன்தான் பொதைச்சாக. நான் வாயப் பொத்திக்கிட்டு இருந்தேன்.”

பால்பாண்டி மேல்துண்டால் வாயை மூடிக்கொண்டார்.

சுருளியாண்டி கையை ஓங்கிக்கொண்டு வந்தார். “பாவி! என் தம்பியத் தூக்க நாலு பேர் இல்லாமப் பண்ணிட்டியே!”

அவள் நகரவில்லை. “தூக்குற நாலு பேரும் நாளைக்குப் படுக்கணுமா மாமா? அடிங்க. அடிச்சாலும் இதத்தான் சொல்லுவேன்.”

உள்ளறையிலிருந்து பூமாரி வந்து இரண்டு பேருக்கும் நடுவில் நின்றாள். “நானும் அந்த எலியப் பாத்தேன்பா. கல்யாணம் நின்னுருமேன்னு சொல்லாம இருந்தேன்.” அவள் குரல் உடைந்தது. “இப்ப நிக்கட்டும்.”

ஓங்கிய கை கீழே விழுந்தது. சுருளியாண்டி நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பூமாரி வண்டி பூட்டினாள். கல்யாணத்துக்காகக் கொல்லையில் அடுக்கியிருந்த விறகை அள்ளி அள்ளி வண்டியில் போட்டாள். ராக்கையாவைப் பாயோடு சேர்த்துக் கட்டினார்கள். தலைப்பக்கம் மூக்கம்மாள், கால்பக்கம் பூமாரி.

“வழி விடுங்க மாமா.”

அவர் எழுந்திருக்கவில்லை. காலை மட்டும் மடக்கிக்கொண்டார்.

தெருவில் பால்பாண்டி, “பொம்பளைக சுடுகாட்டுக்குப் போற வழக்கம் இந்த ஊருல கெடையாது,” என்றார்.

“சரி. நீங்க வர்றீகளா?”

அவர் ஓரடி பின்னால் போனார்.

“கொள்ளி வைக்க?” என்றார் மெதுவாக.

“நான் இருக்கேன்.”

வண்டி ஊர் நடுவே போனது. இரண்டு பக்கமும் கதவுகள் சாத்தியிருந்தன. மூக்கம்மாள் தலைமுக்காடு போட்டுக்கொள்ளவில்லை. ஒவ்வொரு வீட்டின் முன்னாலும், “பானை சட்டிய எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க! வெயில் சாயுறதுக்குள்ள கெளம்புங்க!” என்று கத்திக்கொண்டே மாட்டை ஓட்டினாள். பூமாரியும் கூடக் கத்தினாள். அழுகைக்கும் அதட்டலுக்கும் நடுவில் இருந்தது அவள் குரல்.

சுடுகாட்டில் விறகை அடுக்க வெகுநேரம் ஆனது. உடம்பை ஏற்றும்போது இரண்டு முறை சரிந்தது. மூன்றாவது முறை நின்றது. மூக்கம்மாள் கொள்ளி வைத்தாள். “மன்னிச்சிருங்க” என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். சொல்லாமல் நெருப்பு நன்றாகப் பிடிக்கும்வரை நின்றாள்.

கட்டியிருந்த சேலையோடு வாய்க்காலில் முங்கி எழுந்து, ஈரத்தோடு தங்கள் காட்டுக்கு வந்தார்கள். பொழுது மேற்கு மலைப்பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. வரப்புகளில் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். தலையில் பானை, கையில் கோழிக்கூடை, இடுப்பில் பிள்ளை. ஒருவரும் இவர்கள் பக்கம் வரவில்லை. கருத்தம்மாள் மட்டும் தூரத்தில் நின்று, ஒரு கட்டுத் தென்னங்கீற்றை வரப்பில் போட்டுவிட்டுத் திரும்பிப் போனாள்.

“குடிசை இங்கன போடலாமா சின்னாத்தா?” என்றாள் பூமாரி.

“போடு. ரெண்டு பேருக்கு இது போதும்.”

பூமாரி குழி தோண்டினாள். மூக்கம்மாள் கம்பை ஊன்றி மண்ணை மிதித்தாள். நாலாவது கம்பை ஊன்றி நிமிர்ந்தபோது வரிசையின் கடைசியில் சுருளியாண்டி வருவது தெரிந்தது. தலையில் நெல் மூட்டை இல்லை. தோளில் ஒரு பாய் மட்டும். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றவர் மேற்கொண்டு வராமல், சுடுகாட்டுப் புகையைப் பார்த்தபடி நின்றார்.

பூமாரி சின்னாத்தாளின் முகத்தைப் பார்த்தாள்.

மூக்கம்மாள் குனிந்து, கடைசியாக ஊன்றிய இரண்டு கம்பையும் பிடுங்கினாள். நாலடி அகலம் கூட்டி, புதுக்குழி தோண்ட ஆரம்பித்தாள்.