மீன் இறங்கினால் லீவு

கேஸ் பிளாண்ட் சைட்டிலேயே உயரமானது காற்றுப்பைக் கம்பம். அதன் உச்சியில் ஆரஞ்சுத் துணிக்குழாய் ஒன்று பறக்கவேண்டும். கேஸ் கசிந்தால் அதன் வால் எந்தப் பக்கம் போகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் ஓடவேண்டும் என்று வாராவாரம் வகுப்பெடுத்தார்கள். துணி கிழிந்து பறந்துபோய் மாசக்கணக்காகிவிட்டது. புதுசு வருது, வருது என்றார்கள் ஸ்டோர்காரர்கள். வகுப்பு மட்டும் ஒரு வாரமும் நிற்கவில்லை.

அந்தக் கம்பம்தான் வேண்டும் என்றார் மானேஜர் மொரிவாகி. மே மாசம் ஜப்பானில் பிள்ளைகளுக்குப் பண்டிகையாம். பையன் இருக்கிற வீட்டில் துணிமீன் பறக்கவிடுவார்களாம். கறுப்பு அப்பா, சிவப்பு அம்மா, நீலம் பிள்ளை. ஆற்றை எதிர்த்து ஏறுகிற மீன்போலப் பையன் வளரணுமாம். அவர் பையனும் பெண்சாதியும் தோஹாவுக்கு அப்போதுதான் வந்திருந்தார்கள்.

கம்பம் ஏறுகிற செல்வசிங்குக்கும் அந்த மாசம் ஒரு பிள்ளையின் விசேஷம் இருந்தது. ஊரில் மகன் ரெனீஷுக்குக் கடைசி ஞாயிறு புது நன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். லீவு கேட்டு நடையாய் நடந்து செருப்புதான் தேய்ந்தது.

"ஏம்ப்பா, கவலைய விடு," என்றார் ஃபோர்மேன் பாஸ்கர். "மீனை நல்லபடியா ஏத்திவிடு. பண்டிகை முடிஞ்சு மீன் இறங்குன அன்னைக்கு நீ பிளேன் ஏறிக்கலாம்னு மானேஜரே சொல்லிட்டாரு."

செல்வசிங் ஏற்றிவிட்டான். காற்று வாய்வழியாகப் புகுந்ததும் மூன்று மீனும் விறைத்துக்கொண்டு நீந்தின. பண்டிகை அன்றைக்கு இலையில் சுற்றிய இனிப்பு ஆளுக்கொன்று கிடைத்தது. சொந்தப் பிள்ளையின் முகத்தைப் போட்டோவில் பார்த்துக்கொண்டிருக்கிற அத்தனை அப்பன்மாரும் வரிசையாக நின்று மானேஜரின் பையனுக்குக் கை தட்டினார்கள்.

மறுநாள் மீனை இறக்கக் கம்பத்தில் பாதி ஏறியிருந்தான். கீழே பாஸ்கர் ஓடிவந்தார்.

"தொடாதே! கீழ வா!"

ஹெட் ஆபீசிலிருந்து சேஃப்டி அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டாராம். மேலே பார்த்தவர், எத்தனையோ சைட் பார்த்தேன், இவ்வளவு தெளிவாகத் தெரிகிற காற்றுப்பையைப் பார்த்ததில்லை என்று புகழ்ந்து எழுதிவிட்டாராம். புகழ்ந்த பிறகு எப்படி இறக்குவது? புதுத் துணி வரும்வரை மீன் மேலேயே இருக்கட்டும் என்று உத்தரவாகிவிட்டது.

"அப்ப என் லீவு சார்?"

"மானேஜர் பேச்சு மாற மாட்டாருப்பா. மீன் இறங்குன அன்னைக்கு லீவு."

வெள்ளிக்கிழமை போன் பூத்தில் பெண்சாதி அற்புதராணிக்கு விஷயத்தைப் புரியவைப்பதற்குள் காசு பாதி கரைந்தது.

"என்னது, மீனா?"

"துணிமீன்டி."

"மீன் நாத்தமே ஆகாதுன்னுதான கட்டுமரத்தை வித்துட்டு அங்க போனீரு?"

"நாத்தம் இல்ல. துணி."

"நல்லாருக்கு! உம்ம புள்ள தெனமும் அப்பா எப்ப வருவாவன்னு கேக்கான். நான் என்ன சொல்ல?"

செல்வசிங் யோசித்தான். "இஞ்ச புள்ளைகளுக்குப் பெரிய மரியாதைன்னு சொல்லு."

அந்தப் பக்கம் போனை வைத்தாள்.

கடைசி ஞாயிறும் வந்தது. ஊரில் பூசை தொடங்கியிருக்கும். பாஸ்கர் வாயிலிருந்து விஷயத்தைக் கேட்ட மானேஜருக்குக் கண் கலங்கிவிட்டதாம். பிள்ளைக்கு இவ்வளவு பெரிய நாள், நமக்குத் தெரியாமல் போச்சே என்று உடனே ஆளனுப்பினார். செல்வசிங் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடினான். மானேஜர் எழுந்து, இடுப்பு வளையக் குனிந்து, இரண்டு கையாலும் ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார். உள்ளே பச்சை நிறத்தில் ஒரு துணிமீன்.

"ஒம் பையனுக்காம்ப்பா," என்றார் பாஸ்கர். "அவரு பையன் மீனுக்குப் பக்கத்துலயே கட்டச் சொல்றாரு. யாருக்குக் கிடைக்கும் இந்த மரியாதை?"

கட்டுவதற்கு வேறு யார் இருக்கிறார்கள்? செல்வசிங்தான் ஏறினான். நீலத்துக்குக் கீழே பச்சையைக் கட்டி, முடிச்சை இழுத்துப் பார்த்தான். குட்டிமீன் ஒரு உதறு உதறி நிமிர்ந்தது.

கீழேயிருந்து பாஸ்கர் கூவினார். காற்றுத்திசையைத் தினமும் ரிப்போர்ட்டில் போடவேண்டும். "காத்து எங்கப்பா போகுது?"

நாலு வாலும் கடலைத் தாண்டி ஒரே பக்கம் நீட்டிக்கொண்டிருந்தன.

"எங்க ஊருக்கு, சார்!"

பாஸ்கர் தென்கிழக்கு என்று எழுதிக்கொண்டார்.