மூடி வைத்த சிவப்புப் புள்ளிகள்

அனகாபுத்தூரில் ஆற்றை ஒட்டிய அந்தத் தெருவில் முப்பத்தெட்டு வீடுகள். முப்பத்தெட்டையும் கம்ப்யூட்டரில் வரைந்து வைத்திருந்தார் பதினேழாம் நம்பர் வீட்டு அரிகிருஷ்ணன். தண்ணீர் ஏறினால் எந்த வீட்டில் எத்தனை பேர், யாரைத் தூக்கித்தான் வெளியே கொண்டுவர வேண்டும் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிய வேண்டுமென்று போட்ட வரைபடம். ஒவ்வொரு வீட்டின் மேலும் அந்த வீட்டு கேட்டின் போட்டோ, பக்கத்தில் இரண்டு வரிக் குறிப்பு. தானாக நடந்து வர முடியாதவர் இருக்கும் வீட்டுக்கு ஒரு சிவப்புப் புள்ளி.

ரிட்டையர் ஆன பிறகு தானே தட்டுத்தடுமாறி அந்தச் சாஃப்ட்வேரைக் கற்றுக்கொண்டு, நான்கு வருஷமாகத் திருத்தித் திருத்திச் செய்த வேலை. தெருவே மெச்சிக்கொண்டது. தொல்லை எங்கே வந்ததென்றால், அதைப் பார்க்க வேண்டிய ஆளால் பார்க்க முடியவில்லை.

அந்த ஆள் கேசவன். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். தண்ணீர் வந்தால் அவனும் அவன் கூட்டாளிகள் நாலு பேரும்தான் டயர் டியூபோடு இறங்குவார்கள். காலையில் அவன் போனில் கத்தியது சமையலறை வரைக்கும் கேட்டது.

"சார், நீ அனுப்ச்சது தொறக்கவே மாட்டேங்குது சார். ஒரு மணி நேரமா சுத்திகினே கீது. போனு தோசைக்கல்லு மாரி காயுது. நாளான்னைக்கு மழை பேயும்ன்றான் டிவில. தண்ணில நின்னுகினு நான் இத்த வெச்சிகினு இன்னா பண்றது, பேஜாரு!"

பார்த்தால் வரைபடம் நூற்று நாற்பத்தாறு எம்பி. கேசவனுடைய போனோ அவன் ஆட்டோவை விடக் கிழடு. அரிகிருஷ்ணன் வரைபடத்தை ஒரே போட்டோவாக எடுத்து அனுப்பிப் பார்த்தார். பெரிதாக்கினால் எழுத்தெல்லாம் எறும்பு நசுங்கியது போலத் தெரிந்தது.

ஆகவே பத்தரை மணிக்கு அவரும் மனைவி ஞானம்மாளும் பம்மலில் கோகிலவாணியின் டிடிபி கடைக்குப் போனார்கள். கல்யாணப் பத்திரிகையிலிருந்து கட் அவுட் வரைக்கும் சுருக்கி அனுப்பத் தெரிந்த பெண்.

கடைக்கு இரண்டு படி. ஞானம்மாள் முதல் படியில் நின்று, மேலே தொங்கிய ஜெராக்ஸ் விலைப்பட்டியலை ஒரு நிமிஷம் கவனமாகப் படித்தாள். பிறகு ஷட்டர் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டாம் படி ஏறினாள். விலைப்பட்டியல் அவளுக்கு எதற்கு? முழங்காலுக்கு அந்த ஒரு நிமிஷம் வேண்டியிருந்தது.

வீட்டிலேயே இருந்திருக்கலாம். ஆனால் அவள் மனசு வீட்டில் தங்கவில்லை. காரணம் அவளுக்கும் அவருக்கும் மட்டும் தெரியும். ஆடி மாசம் அரிகிருஷ்ணன் பதினேழாம் நம்பர் வீட்டுக்கும் ஒரு சிவப்புப் புள்ளி வைத்துவிட்டார். அவளைக் கேட்காமலே! அவள் பார்த்துவிட்டு இரண்டு நாள் பேசவில்லை. போன வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் தானே நடந்து வந்தவள் அவள். வந்தது மட்டுமா, இருபத்திரண்டாம் நம்பர் சரோஜினியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்ததும் அவள்தான். அப்படிப்பட்டவளைப் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து நாலு பேர் தூக்கிப்போக, தெரு முழுக்க மொட்டை மாடியிலிருந்து பார்ப்பதா? மூன்றாம் நாள் அரிகிருஷ்ணன் புள்ளியை எடுத்துவிட்டேன் என்றார். அவர் எடுப்பது எப்படி என்று அவளுக்குத் தெரியும். எடுக்க மாட்டார், மூடுவார். மூடினதைக் கோகிலவாணி திறந்துவிட்டால்?

கோகிலவாணி அவருடைய பென் டிரைவிலிருந்து ஃபைலைத் தன் கம்ப்யூட்டரில் இறக்கித் திறந்தாள். அது திறப்பதற்குள் இரண்டு டீ வந்து காலியாயிற்று.

"சார், ஸ்கிரீன்ல ஸ்டாம்ப் சைஸ்ல தெரியுது. உள்ளே ஒவ்வொரு போட்டோவும் கல்யாண ஆல்பம் சைஸ்ல உக்காந்திருக்கு. போன்ல எடுத்ததை அப்படியே ஒட்டிட்டீங்களா?"

"சின்னதா இழுத்து வெச்சேனேம்மா."

"இழுத்தா பார்வைக்குத்தான் சின்னது சார். எடை அப்படியேதான் இருக்கும்." எல்லாப் போட்டோவையும் ஒரே வீச்சில் சுருக்கினாள். அறுபத்தொரு எம்பி. உதட்டைப் பிதுக்கினாள். "இன்னும் எங்கேயோ ஒளிஞ்சிருக்கு. முப்பத்தெட்டு வீட்டுக்கு இருநூத்துப் பதினாலு போட்டோ காட்டுதே?"

மூன்றாம் நம்பர் வீட்டு கேட்டை மௌஸால் பிடித்து ஓரமாக நகர்த்தினாள். அடியில் ஒரு வெள்ளைக் கட்டம். அதன் மூலையில் குட்டியாக 'அ.கி.', பக்கத்தில் தேதி. கட்டத்தை நகர்த்தினாள். அடியில் அதே கேட், பழைய பெயின்ட்டில். அதற்கும் அடியில் இன்னொரு வெள்ளைக் கட்டம், இன்னொரு கையெழுத்து, இன்னொரு கேட்.

கோகிலவாணி நாற்காலியைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். "என்ன சார் இது, வைட்னர் அடிச்சு வெச்சிருக்கீங்க!"

அரிகிருஷ்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இருபத்தொன்பது வருஷ சர்வீஸ்ம்மா. ரிஜிஸ்டர்ல ஒரு எழுத்தைச் சுரண்டி அழிச்சதில்லை. தப்புன்னா மேலே அடிச்சு, இனிஷியல் போடணும். பழசு கீழே இருக்கணும், நாளைக்கு யாராவது கேட்டா காட்டணும். இதுல அடிச்சா பார்க்க அசிங்கமா இருந்தது. அதான் வெள்ளையா மூடி இனிஷியல் போட்டேன்."

"குடித்தனம் மாறினா ஒரு மூடல், பெயின்ட் அடிச்சா ஒரு மூடலா?"

"கொழந்தை பிறந்தாலும்தான்."

"இவர் வீட்லயும் அப்படித்தாம்மா," என்றாள் ஞானம்மாள். "பழைய காலண்டர் மேலயே புதுக் காலண்டரை மாட்டுவார். சுவத்துல ஆணி தாங்காம இந்த வருஷம் பேத்துக்கிட்டு விழுந்தது."

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் ஞானம்மாள் கண் ஸ்கிரீனை விட்டு நகரவில்லை. கோகிலவாணி ஒவ்வொரு வீடாக மேலே இருந்ததை ஓரம் நகர்த்தி, அடியில் இருந்ததைப் பார்த்துக்கொண்டே வந்தாள். நாலு, ஐந்து, ஆறு. இந்த வேகத்தில் பதினேழு எவ்வளவு நேரம்?

ஒன்பதாம் நம்பரில் மௌஸ் நின்றது. வெள்ளைக் கட்டத்துக்கு அடியில் ஒரு சிவப்புப் புள்ளி.

'லக்ஷ்மிநாராயணன், 71. இருட்டினால் கண் தெரியாது. கையைப் பிடித்துக் கூட்டி வர வேண்டும்.'

ஞானம்மாள் வாய்விட்டே சொல்லிவிட்டாள். "யாரு, இவரா? தினம் விடியக்காலையில ஆறு கிலோமீட்டர் நடக்கறேன்னு தெருவையே எழுப்புவாரே!"

அரிகிருஷ்ணன் கடையின் மின்விசிறியைப் பார்க்கத் தொடங்கினார்.

இருபத்திரண்டாம் நம்பரை ஞானம்மாளே எடுக்கச் சொன்னாள். அங்கும் புள்ளி. 'சரோஜினி, 64. மாடிப்படி இறங்கினால் தலைசுற்றல். தனியாக இறங்க விடக் கூடாது.' மாடியில் காத்து நல்லா வருது, அதான் கீழேயே வர்றதில்லை என்று சரோஜினி சொல்லிக்கொண்டிருந்த இரண்டு வருஷமும் ஞானம்மாளுக்கு ஞாபகம் வந்தது. அப்புறம் முப்பத்தொன்று. அப்புறம் முப்பத்தைந்தாம் நம்பருக்குப் பின்கட்டு. மூடப்பட்ட புள்ளிகள் நாலு.

"என்னங்க இது?"

"ஒவ்வொருத்தரா வந்து ரகசியமா கேட்டாங்க, ஞானம். எடுத்துடுங்க சார், நான் நல்லாத்தான் இருக்கேன்னு. வயசானவங்க முகத்தைப் பார்த்து எப்படி முடியாதுங்கறது?"

"என்கிட்டகூடச் சொல்லலையே."

"உன்னோடதை அவங்ககிட்டச் சொன்னேனா?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். கோகிலவாணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மௌஸ் பதினேழாம் நம்பர் கேட்டின் மேல் போய் நின்றது, தொடவில்லை.

"அங்கே ஒண்ணும் இல்லைம்மா," என்றாள் ஞானம்மாள் சட்டென்று. "அது எங்க வீடு."

கோகிலவாணி கையை எடுத்துக்கொண்டாள். நல்ல பெண். ஆனால் தொழில் என்று வந்தால் கேட்காமல் இருக்க முடியுமா? "சார், ஒரு வீட்டுக்கு ஒண்ணுதான் வெக்க முடியும், அப்பத்தான் அந்த போன்ல திறக்கும். மேலே இருக்கறதையா, கீழே இருக்கறதையா? மேலே இருக்கறதை வெச்சா..." விரலால் ஸ்கிரீனில் கோடு போட்டாள். "தெருவிலே ஒரு சிவப்புகூட இல்லை."

அப்போதுதான் ஞானம்மாள் தெருவை முழுசாகப் பார்த்தாள். முப்பத்தெட்டு வீடு, ஒரு புள்ளி இல்லை. எல்லாரும் ஓடுகிற ஆட்கள், எல்லாரும் இளவட்டம். கேசவன் இதைப் பார்த்துக்கொண்டு தண்ணீரில் வருகிறான். ஒன்பதாம் நம்பர் வாசலைத் தாண்டுகிறான், இருபத்திரண்டைத் தாண்டுகிறான். உள்ளே கரண்ட் இல்லாத இருட்டில் லக்ஷ்மிநாராயணன் சுவரைத் தடவிக்கொண்டு நிற்கிறார். பதினேழையும் தாண்டித்தான் போவான்.

"எங்க வீட்டையும் எடு," என்றாள்.

வெள்ளைக் கட்டம் நகர்ந்தது.

'ஞானம்மாள், 66. முழங்கால். இருவர் தூக்க வேண்டும். வேண்டாம் என்பாள், கெஞ்ச வேண்டும். கோபப்பட்டால் தப்பாக எடுக்க வேண்டாம். பயந்தால் மட்டுமே கோபப்படுவாள்.'

ஆடி மாசம் அவள் புள்ளியைப் பார்த்தாளே தவிர, குறிப்பைப் படிக்கவில்லை. கோபத்தில் யார் படிக்கிறார்கள்? இப்போது இரண்டு தடவை படித்தாள். அரிகிருஷ்ணன் இன்னும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மின்விசிறி ஓடவே இல்லை.

"இதை வெச்சுக்கோம்மா," என்றாள். உடனே அவர் பக்கம் திரும்பினாள். "போனைக் குடுங்க இப்படி."

முதலில் சரோஜினி. "சரோஜினி, நான்தான். நம்ம தெருப் படத்துல எனக்குச் சிவப்புப் புள்ளி வெச்சாச்சு. ஆமா, எனக்குத்தான்! முட்டி போச்சு, படி ஏற முடியலை. உனக்கும் வெக்கச் சொல்லட்டுமா?"

"உனக்கேவா, அக்கா? அப்ப எனக்கும் போட்டுக்கோ," என்றாள் சரோஜினி. "உன் கையைப் பிடிச்சுக்கிட்டு வந்துடலாம்னுதான் நான் தைரியமா இருந்தேன். நீயே நாற்காலியிலன்னா நான் எதைப் பிடிச்சுக்கறது?"

லக்ஷ்மிநாராயணன் அவ்வளவு சுலபத்தில் மடங்கவில்லை. "என் கண்ணா? கழுகுக் கண்ணும்மா! யாரு சொன்னது?"

"ராத்திரி கரண்ட் போனா என்ன பண்ணுவீங்க, சார்?"

"டார்ச் இருக்கு."

"டார்ச்சைத் தேடறதுக்குக் கண்ணு தெரியணுமே."

இருமல் ஒன்று கேட்டது. "சரி, போடச் சொல்லு. ஆனா புள்ளியைக் கொஞ்சம் சின்னதா போடச் சொல்லும்மா."

"எல்லாருக்கும் ஒரே சைஸ்தான், சார்."

முப்பத்தைந்தாம் நம்பர் பின்கட்டு, மகனைக் கேட்டுச் சொல்கிறேன் என்று இழுத்து, மகனைக் கேட்காமலே சரி என்றது. முப்பத்தொன்றாம் நம்பர் போனையே எடுக்கவில்லை. மூன்று தடவை அடித்துப் பார்த்தார்கள்.

"அவங்களைக் கேட்காம எப்படி?" என்றார் அரிகிருஷ்ணன்.

"வெச்சிடும்மா. வந்து திட்டினா நான் வாங்கிக்கறேன்," என்றாள் ஞானம்மாள்.

இனி அழிக்க வேண்டியதுதான். கோகிலவாணி விரலை வைத்ததும் அரிகிருஷ்ணன் எழுந்தே விட்டார். நான்கு வருஷத்துப் பெயின்ட், குடித்தனம், கையெழுத்து எல்லாம் ஒரு தட்டில் போகிறதே! "பயப்படாதீங்க சார். உங்க பழசு பென் டிரைவ்ல அப்படியே இருக்கு. அதை நான் தொடவே இல்லை," என்றாள் கோகிலவாணி. அவர் பென் டிரைவை வாங்கிச் சட்டைப் பையில் போட்டு, பையைத் தட்டிப் பார்த்துக்கொண்ட பிறகுதான் உட்கார்ந்தார்.

மூன்று புள்ளி எட்டு எம்பி.

கேசவனுக்கு அனுப்பினார்கள். கால் மணி நேரம் கழித்து அவனே கூப்பிட்டான். கோகிலவாணி ஸ்பீக்கரில் போட்டாள்.

"சார், சும்மா தொட்டவொடனே தொறந்துகிச்சு! கேட்டெல்லாம் சோக்கா தெரிது. செவப்பு அஞ்சு கீது, ஓகேவா? அதுல பதினேழு உன் வூடாச்சே சார். யம்மாவுக்கா?"

அரிகிருஷ்ணன் வாயைத் திறப்பதற்குள் ஞானம்மாள் போனுக்குக் குனிந்தாள். "எனக்குத்தான்பா."

"யம்மா, நீயும் அங்கதான் கீறியா! தப்பா எடுத்துக்காத, ஒண்ணு கேக்கணும். எந்தக் காலு? தூக்க சொல்லோ அந்தப் பக்கம் கைய வெச்சிட்டோம்னா நோவும் பாரு."

இடது கால் என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தாள். டாக்டரிடமும் இடதைத்தான் காட்டினாள். இவ்வளவு தூரம் வந்த பிறகு இதை மட்டும் எதற்கு மறைப்பது?

"ரெண்டும்," என்றாள்.

அரிகிருஷ்ணன் மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தார். "எப்பலேருந்து, ஞானம்?"

"போன தீபாவளியிலேருந்து."

போனில் கேசவன் விஷயம் தெரியாமல் பேசிக்கொண்டே போனான். "ரெண்டுன்னா சேர்தான் யம்மா. கை வெச்ச சேரு எதுனா கீதா வூட்ல? இல்லாட்டி நான் எட்த்தாறேன். நீ பாட்டுக்கு ராணி மாரி குந்திகினு வா."

"இருக்குப்பா," என்றாள் ஞானம்மாள். அரிகிருஷ்ணன் அதற்குள் எழுந்து கடை வாசலுக்குப் போய், முதல் படியில் இறங்கி நின்று, அவளுக்காகக் கையை நீட்டிக்கொண்டிருந்தார். அவள் விலைப்பட்டியலைப் பார்க்கவில்லை. "கொஞ்சம் நில்லுங்க, இன்னும் அந்தப் பொண்ணுக்குக் காசே குடுக்கலை," என்று சொல்லிக்கொண்டே அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.