மிச்சம் பதினோரு பக்கம்

புத்தகத்தில் இன்னும் பதினோரு பக்கம்தான் மிச்சம். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

சிரிக்காதீர்கள். எனக்கு ஆறாம் மாதம். கர்ப்பப்பை வாய் பலவீனமாம், தையல் போட்டுப் படுக்க வைத்துவிட்டார்கள். ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுத்தவளுக்கே தையல்! பாத்ரூம் தவிர எதற்கும் எழுந்திருக்கக் கூடாது. போன வருஷம் இதே ஆறாம் மாதத்தில்தான் குழந்தை போனது. அன்று ஒரு நாவலை முடித்துவிட்டு, அடுத்தது இல்லாமல் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், வலி எடுத்தது. இன்னொரு புத்தகம் வாங்கி வைத்திருக்கக் கூடாதா என்று ஒரு வருஷமாக என்னையே திட்டிக்கொண்டிருக்கிறேன். பாதி படித்த புத்தகம் கையில் இருக்கும்வரை இந்தக் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது என்று நம்பினேன். பைத்தியக்காரத்தனம்தான். என் இடத்தில் படுத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

வீட்டில் இருந்ததெல்லாம் படித்தாகிவிட்டது. பஸ் ஓட்டப் போன வீட்டுக்காரர் சாயங்காலம்தான் வருவார். தையல் யூனிட் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன்: "படிக்க ஒண்ணும் இல்ல. நல்ல புத்தகமா சொல்லுங்கடி. அவசரம்."

காஜா எடுக்கும் அக்கா எழுதினாள்: "பேசாம தூங்கேன்டி. இந்தக் கொடுப்பினை யாருக்குக் கிடைக்கும்?" அவள் வாய்க்கும் ஒரு காஜா எடுத்துப் பட்டன் போட வேண்டும். சூப்பர்வைசரம்மா, படித்தே ஆகவேண்டியது என்று ஒன்பது பெயர் அனுப்பினார். பட்டியலையா படிப்பது? அயர்ன்காரி, "செம கதை ஒண்ணு இருக்கு, கடைசில அந்தக் குழந்தை" என்று ஆரம்பித்து, சட்டென்று அழித்தாள். நான் படித்துவிட்டேன். கை தானாக வயிற்றுக்குப் போனது.

ஒல்லி மட்டும் கேட்டாள்: "எத்தனை பக்கம் மிச்சம்?"

ஒல்லி என் பக்கத்து மெஷின்காரி. என் நம்பிக்கை தெரிந்தவள் அவள் ஒருத்திதான். பதினொன்று என்றேன்.

"மெதுவா படி. சாப்பாட்டு நேரத்துல எடுத்துட்டு வரேன்."

ஒரு வரியை மூன்று தடவை படித்தேன். காலையிலிருந்தே இடுப்பில் ஒரு பிடிப்பு விட்டு விட்டு வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் உண்மையாகிவிடும். அதுதான் புத்தகம் இருக்கிறதே! ஒரு மணி. ஒன்றரை. கடைசிப் பத்தியை உள்ளங்கையால் மூடிக்கொண்டு கிடந்தேன்.

அவளிடம் இருக்கும் சாவியால் கதவைத் திறந்துகொண்டு ஒல்லி மூச்சு வாங்க வந்தாள். தடிமனான ஒரு புத்தகத்தை நீட்டினாள். அப்பாடா என்று பிரித்தேன். அறுபத்திரண்டாம் பக்கத்தில் நீலக் கோடு, துணியில் குறி போடும் சாக்பீஸால் போட்டது. படித்து நிறுத்திய இடத்தில் அப்படிக் கோடு போடுவது என் பழக்கம்.

"இதை நான் எப்போடி படிச்சேன்?"

அவள் முகம் வெளுத்தது. "லைப்ரரி பூட்டியிருந்துச்சு. என் வீட்டுக்கு ஓடி, கைக்கு வந்ததை எடுத்துட்டேன். பார்க்கலைடி."

"எப்போ படிச்சேன்? சொல்லு."

"அன்னைக்கு. முந்தின நாள் நான்தான் கொடுத்தேன். உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனப்புறம் கட்டில் மேல இது கிடந்துச்சு, நான் எடுத்துட்டுப் போயிட்டேன்."

"ஒரு வருஷமா ஏன்டி சொல்லலை, அடிப்பாவி?"

"கண்ணு முழிச்சப்போ உனக்கு இந்தப் புத்தகமே ஞாபகமில்ல. அப்புறம், படிக்கப் புத்தகம் இல்லாததாலதான் அப்படி ஆச்சுன்னு நீ அந்த நம்பிக்கையையே பிடிச்சுக்கிட்டு இருந்தே. அதையும் பிடுங்க எனக்கு மனசு வரலை."

அவளை அறைய வேண்டும் போலிருந்தது. அப்படியானால் அது என் தப்பில்லை. ஒரு நிமிஷம் அழுகையே வந்தது. அடுத்த நிமிஷம் புத்தகத்தைக் கீழே போட்டேன். கையில் பாதிப் புத்தகம் இருந்தபோதுதான் அந்தக் குழந்தை போயிருக்கிறது.

"ஒல்லி, இடுப்பு பிடிக்குதுடி. காலையிலேர்ந்து."

அவள் திட்டவில்லை. ஒரு கையால் ஆம்புலன்சுக்குப் போன் போட்டு விலாசம் சொன்னாள். இன்னொரு கையால் என் ஆஸ்பத்திரி ஃபைலைத் தேடி எடுத்தாள்.

"பயமா இருக்குடி" என்றேன்.

"எனக்கும்தான்" என்றாள். "கையைப் பிடிச்சுக்கோ."